கொட்டியாரக்குடாவில் ஓர் அந்திப் பிரயாணம்

கிரேக்க நாட்டுச் சந்தோரினித் தீவுக்குச் செல்லும் பிரயாணிகள், அந்திவேளையில் படகேறி அதன் கரையோரமாகச் சுற்றிவருவதையே தங்கள் யாத்திரையின் சிகரமாகக் கருதுவார்கள். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, நிலம் உள்வாங்கி, அந்தப் பெருங்குழியிலே சமுத்திரம் புகுந்ததன் பிரமாண்டம், செங்குத்தான கரைகளை நீரிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கே புலப்படும். எரிமலையும் வெண்ணிற மாளிகைகளும் இல்லாவிடினும், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவின் ஓரத்திலுள்ள சம்பூரையும் அவ்வாறே கடலிலிருந்து காணவேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கீழ்க்கரையிலே சூரியன் கடலில் உதிப்பதன்றி அஸ்தமிப்பதில்லை என்பது பொதுவிதி. ஆயினும், குடாவானது மேற்கு நோக்கி நெடுந்தூரம் உட்புகுந்து கிடப்பதால், சம்பூர்க் கடலில் படகிலிருப்பவனுக்கு அத்திசையிலும் நீர்ப்பரப்பே விரிகிறது. கிண்ணியாப் பக்கத்துத் தாழ்நிலம் ஒரு கரிய கோடாக மாத்திரம் நிற்க, அதன்மேல் ஞாயிறு இறங்குகையில், வடக்கே கோணேசர் குடிகொண்ட சுவாமிமலை செம்மையுற்றுப் பின் ஊதா நிறமாகி மங்கும் காட்சியை வர்ணிக்க எனக்குச் சொல் போதாது.

இப்பிரயாணத்துக்கு உகந்த காலம், வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் உரத்து வீசத் தொடங்குமுன் வரும் பங்குனி சித்திரை. பகலில் வெயிலால் சூடேறிய நிலம் கடற்காற்றை இழுக்கும். அந்தியில் நிலத்தின் வெம்மை தணிந்து நீரின் வெம்மையோடு சமப்படும்போது காற்று சற்றே அடங்கி, அலை தாழ்ந்து, கடல் எண்ணெய் வார்த்தாற்போல் கிடக்கும். அந்த அமைதியின் கீழே இருப்பதோ, நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கி, வெளியே செல்லச் செல்ல ஆயிரக்கணக்காகப் பெருகும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை குடாவில் வந்து கலக்கிறது. நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகே வருவதும் அப்பள்ளத்தாக்கின் ஆழத்தினாலேயே. 1659 இல் புயலிலே பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் ஒதுங்கியதும் இக்குடாவிலேதான். மறுவருஷம் கண்டியரசனின் ஆட்கள் சிறைப்பிடித்தவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ், 19 வருஷங்களுக்கு மேல் மலைநாட்டில் அடைபட்டிருந்து தப்பியோடி, இலங்கையைப் பற்றி ஒரு நூலை 1681 இல் வெளியிட்டார்.

கடல்வழிப் பிரயாணம் இவ்வூராருக்கு உல்லாசமாக இருந்ததில்லை. ஆறுகளை மிதவைப் பாதையிலே கடந்து கடந்து செல்லும் தரைவழி நீண்டதாகையால், நோயாளியும் மாணாக்கனும் வியாபாரியும் மூதூரிலிருந்து லோஞ்சிலே ஏறித்தான் திருகோணமலைக்குப் போனார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்த அவசியம் குறைந்தது, குறைந்தது நன்மையே.

என்னை ஏற்றிச்சென்ற முதிய ஓட்டி, இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து, ஒரு கையால் கரையிலுள்ள பனையொன்றைச் சுட்டி, மறுகையால் அதற்கப்பால் தெரிந்த மேட்டைக் காட்டினார்.

"தம்பி, இது ரெண்டையும் ஒண்டாப் பிடிச்சமெண்டா நேர கீழ கல்லு. வலை போட்டாக் கிழிஞ்சிரும்."

கல் என்று அவர் குறித்தது கடலடிப் பாறையை. முன்பெல்லாம் எந்தக் குறியைப் பிடிப்பீர்கள் ஐயா என்று கேட்டேன். பெரியம்மா வீட்டு ஓட்டுக்கூரை என்றார்; அந்த வீடு இப்போது இல்லை.

2006 இன் யுத்தத்திலே சம்பூர் ஜனங்கள் எல்லோரும் ஊரை விட்டு ஓடி, கிளிவெட்டி முதலான இடங்களின் முகாம்களில் தங்கினார்கள். அவர்களுடைய பூமி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் நிலக்கரி மின்னிலையத்துக்கென்றும் பிற தொழில்களுக்கென்றும் ஒதுக்கப்பட்டது. 2015 இல் 818 ஏக்கரும், மறுவருஷம் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டமும் 2016 இல் கைவிடப்பட, 120 மெகாவாற் சூரியசக்தி நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. திரும்பி வந்தவர்கள் கண்டது வளர்ந்த காட்டையும் இடிந்த சுவர்களையும் தூர்ந்த கிணறுகளையும். வேலியின் எல்லையைத் தரையிலே தேடியவர்களின் துயரத்தை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கூரையும் தென்னந்தோப்பும் மறைந்த கரையைக் கடலிலிருந்து பார்த்து, கடலடிக் கற்களின் இருப்பிடத்தையெல்லாம் புதிதாகக் கணக்கிட்ட ஒருவரை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

இருட்டிவிட்டது. குடாவுக்கு அப்பால் திருகோணமலையின் தீபங்கள் ஒரு சரமாக எரிந்தன. சம்பூர்ப் பக்கத்திலே ஒன்று, அப்புறம் இரண்டு, பின்னர் பத்திரகாளி அம்மன் கோயில் திசையில் ஒரு கூட்டமாக விளக்குகள் ஏற, ஓட்டி அவற்றுள் ஒன்றை நேராகப் பிடித்துப் படகைத் திருப்பினார்.

"அது மகள்ர வீடு," என்றார்.

கரை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிட்டார். படகு மணலை உரசிற்று. முழங்காலளவு நீரிலே நின்றிருந்த இரண்டு பேரப்பிள்ளைகள் கயிற்றைப் பற்றிக்கொண்டு, எத்தனை மீன் என்று கேட்டார்கள்.