கொம்பை இடம் மாற்றும் கருவி

மதுரையில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. 20 வருடங்களுக்கு முன் அடித்த கும்பாபிஷேக மலரின் கோப்பை யாராவது பென் டிரைவில் கொண்டுவருவார்கள். புதுக் கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் டாலர் குறியும் கலந்து திரை நிறையக் குப்பை. “கோப்பு கெட்டுப்போச்சு” என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கோப்பு கெடவில்லை. அதை வாசிக்கிற வழிதான் மறந்துவிட்டது. அந்த வழியைத் திரும்ப உண்டாக்கும் கருவிக்கு எழுத்துருமாற்றி என்று பெயர். கணினிப் படிப்பு படிக்காதவர்களும், தமிழில் வலைப்பூ எழுதுகிறவர்களும் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். அதற்குத் தேவைப்படுவது முக்கால்வாசி தமிழறிவு, கால்வாசிக் கணினி.

பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தில் ஓடின. கணினிக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த காலத்தில், அந்த எழுத்தின் உருவத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி இல்லாத கணினியில் அவையே வெளியே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு அடுக்கு என்பதால், ஒரு கடையின் கோப்பு பக்கத்துக் கடையிலேயே திறக்காமல் போனதும் உண்டு.

யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991-இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். இடைப்பட்ட அத்தனை வருடங்களிலும் தட்டச்சான தமிழ் பல குறியீடுகளில் சிதறிக் கிடக்கிறது.

எழுத்துருமாற்றியின் உள்ளே இருப்பது வெறும் பட்டியல். ஜே வந்தால் ‘த’ வை, கே வந்தால் ‘ம’ வை. இவ்வளவுதானா என்றால், இல்லை. நம் ஊர்ப் பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

பாமினியில் ‘மதுரை’ என்பதற்கான விசைகள் கே, பெரிய ஜே, ஐ, யு. அதாவது ம, து, சங்கிலிக் கொம்பு, ர. தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். கண் பார்க்கிற வரிசை அது. ஒருங்குறியோ வாய் சொல்கிற வரிசையில் சேமிக்கிறது: முதலில் ‘ர’, அதன் பின்னால் ‘ஐ’ ஒலிக்கான குறி. ஆகவே ஒவ்வொரு விசையாக மாற்றினால் கொம்பு முந்தைய ‘து’வில் போய் ஒட்டிக்கொண்டு ‘மதுைர’ என்று விகாரமாக நிற்கும். ‘ஐ, யு’ இரண்டையும் சேர்த்துப் பிடித்து ‘ரை’ என்று மாற்ற வேண்டும்.

‘கொ’ இன்னும் தெளிவாகக் காட்டும். ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால் என மூன்று துண்டு அது. பட்டியலில் ‘க, துணைக்கால்’ என்ற வரி முன்னால் இருந்தால் ‘கா’ உருவாகிவிடும். கொம்பு அநாதையாக நிற்கும். எனவே மூன்று துண்டு வரிகள் முதலில், இரண்டு துண்டு அடுத்து, ஒற்றைத் துண்டு கடைசியில். கருவியின் உயிர் இந்த வரிசைதான். கொம்பு முன்னால் வரும் உயிர்மெய் வரிசைகள் ஆறு: எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ. மெய்கள் 18. பெருக்கினால் 108 வரி; கிரந்த எழுத்துகளுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு சாயங்காலத்தில் எழுதி முடிக்கிற வேலை.

பட்டியலால் தீராத ஒரு இடமும் உண்டு. ‘கௌ’வில் வரும் கொம்புக்கால் பார்வைக்கு ‘ள’ போலவே இருப்பதால், பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே விசையைத் தட்டினார்கள். ‘கௌரி’யில் வருவது கொம்புக்கால், ‘வெளி’யில் வருவது ளகரம் என்று தமிழ் தெரிந்த மனிதர்தான் சொல்ல முடியும்.

இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் எல்லோரும் கணினித் துறைக்காரர்கள் அல்லர். அதிராம்பட்டினத்து உமர் தம்பி விலங்கியல் படித்தவர். வானொலி, தொலைக்காட்சி பழுது பார்த்தவர். துபாயில் வேலை செய்தவர். அவர் உருவாக்கிய ‘தேனீ’ ஒருங்குறி எழுத்துருவைத் தமிழ்ப் பதிவர்கள் தங்கள் பக்கங்களில் பொதித்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் பதிவு தமிழாகத் தெரிந்தது. 2006-இல் அவர் மறைந்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொண்டர்களைத் திரட்டிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலர். ‘மயிலை’ எழுத்துருவும் அவர் செய்ததே. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றி ஒரே ஒரு வலைப்பக்கம். எத்தனையோ பதிவர்கள் அதை நம்பிப் பழைய எழுத்தை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். தேவை கண்ணில் பட்டது, செய்தார்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

செய்முறைக்கு நோட்பேட் போதும். இரண்டு எழுத்துப் பெட்டிகள், நடுவில் ஒரு பொத்தான் என்று ஒரு எச்.டி.எம்.எல். பக்கம், பொத்தானை அழுத்தினால் பட்டியலை வரிசையாக ஓட்டும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல். சேமித்து உலாவியில் திறந்தால் இணையம் இல்லாமலும் ஓடும். பிளாகரில் தனிப் பக்கமாகவும் ஒட்டலாம். வேர்ட்பிரஸ்ஸின் இலவசத் தளத்தில் இப்படிப்பட்ட நிரலை நீக்கிவிடுவார்கள். புதியவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று: ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண மாற்றுக் கட்டளை, சொல் வரும் முதல் இடத்தை மட்டும் மாற்றி நின்றுவிடும். எல்லா இடத்திலும் மாற்று என்று தனியாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் கருவி அதையும் தமிழாக்கிக் குதறிவிடும். மின்னஞ்சல் முகவரிகளை முன்கூட்டியே வெட்டி எடுத்து வையுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் இந்த நிரலை நொடியில் எழுதித் தருகிறது. அதில் தவறில்லை. ஆனால் 108 வரியையும் நீங்களே ஒருமுறை சரிபார்க்காமல் நம்பாதீர்கள். ‘மதுரை’, ‘கோயில்’, ‘கௌரவம்’, ‘வெளிச்சம்’ என்ற நான்கு சொற்களைக் கொடுத்துச் சோதித்தாலே பெரும்பாலான பிழைகள் வெளிவந்துவிடும்.

வீட்டில் பழைய சி.டி. இருந்தால் இந்த வாரமே கணினிக்கு மாற்றி வையுங்கள். அந்த வட்டுகளுக்கு ஆயுள் குறைவு. படிக்கும் கருவி கொண்ட கணினிகளும் அருகிவருகின்றன. கோப்பைத் திறந்து குப்பை தெரிந்தால் அழிக்காதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று கடைக்காரரைக் கேட்டு, அந்தப் பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்துக் குறித்துவிடுங்கள்.