விழுந்த மரம், போட்ட மரம்

யாருடைய தண்ணீர்? – 12

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வடக்கே போகப் போக ஏரிகள்தான். குளிர்காலத்தில் அவை உறைந்து, மேலே வண்டி ஓட்டிப் போகும் அளவுக்குக் கெட்டிப்பட்டுவிடும். அந்த நாட்களில் சில கரைகளில் விநோதமான வேலை ஒன்று நடக்கும். முழு மரத்தைக் கிளையும் கொப்புமாக வெட்டி இழுத்து வந்து பனிக்கட்டியின் மேல் படுக்க வைப்பார்கள். அடிமரம் கரையில், உச்சி ஏரிக்குள். பக்கத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் குறுக்கே மற்றொன்று. மூன்று முதல் ஐந்து மரம் சேர்ந்தால் ஒரு கொத்து. அடிமரத்தை இரும்பு வடத்தால் கரையில் உயிரோடு நிற்கும் ஒரு மரத்தில் பிணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் பனி உருக உருக, மரங்கள் இருந்த இடத்திலேயே மெல்ல இறங்கித் தண்ணீரில் படுத்துவிடும். கிரேனும் வேண்டாம், படகும் வேண்டாம்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபிஷ் ஸ்டிக்ஸ்'. அமெரிக்கக் குழந்தைகளைக் கேட்டால், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மீன் துண்டு என்பார்கள். மீன் வாழ்வதற்குச் செய்யும் காரியத்துக்கு மீன் வறுவலின் பெயர். அரசாங்கத் திட்டத்துக்குப் பெயர் வைக்கிறவர்களுக்குள்ளும் குறும்புக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஏரியில் மரத்தை ஏன் போடவேண்டும்? அங்கிருந்த மரங்களை எடுத்துவிட்டோம், அதனால்தான். காட்டு ஏரியின் கரையில் மரம் சாயும், காற்றில் விழும், சில இடங்களில் பீவர் கடித்துத் தள்ளும். விழுந்தது அப்படியே கிடக்கும். கரையில் வீடு வந்ததும் கதை மாறுகிறது. படகு கட்டவேண்டும், பிள்ளைகள் நீந்தவேண்டும், ஜன்னலைத் திறந்தால் ஏரி பளிச்சென்று தெரியவேண்டும். கட்டை கிடந்தால் அசிங்கம். வடக்கு விஸ்கான்சினிலும் பக்கத்து மிச்சிகனிலும் 16 ஏரிகளைச் சுற்றி ஆய்வாளர்கள் கட்டைகளை எண்ணி, 1996-இல் கணக்கை வெளியிட்டார்கள். வீடே இல்லாத ஏரிகளில் ஒரு கிலோமீட்டர் கரைக்குச் சராசரியாக 555 கட்டைகள். வீடுகள் உள்ள ஏரிகளில், வீட்டுக்கு முன்னால் உள்ள கரையில் 57.

சரி, கட்டை குறைந்தால் மீனுக்கு என்ன நஷ்டம்? இதற்குப் பதில் லிட்டில் ராக் என்ற சின்ன ஏரியிலிருந்து வந்தது. அமில மழை ஆராய்ச்சிக்காக முன்பே திரை போட்டு இரண்டு பாதியாகப் பிரித்திருந்த ஏரி அது. 2002-இல் ஒரு பாதியிலிருந்து ஏறக்குறைய முக்கால்வாசிக் கட்டைகளை எடுத்துவிட்டார்கள். மறு பாதியைத் தொடவில்லை. எடுத்த பாதியில் மஞ்சள் பெர்ச் என்ற சின்ன மீன் தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைந்தது. ஒளிய இடமில்லாமல் பெரிய மீனின் வாய்க்குப் போயிற்று. அதைத் தின்று வாழ்ந்த பாஸ் மீனுக்காவது கொண்டாட்டமா என்றால் அதுவும் இல்லை. பெர்ச் தீர்ந்ததும் அது கரையிலிருந்து தண்ணீரில் விழும் பூச்சி பொட்டுகளைத் தின்னத் தொடங்கியது, வளர்ச்சியும் குன்றியது. மீனைப் பிடிக்கவும் இல்லை, தண்ணீரை அசுத்தப்படுத்தவும் இல்லை. கட்டையை எடுத்தது மட்டும்தான்.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் குளத்தில் மூழ்கிக் கிடந்த பனைமட்டையை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். பிடித்த கை வழுக்கும், அவ்வளவு பாசி. தரையில் தட்டினால் நத்தைகள் உதிரும், கண்ணாடி மாதிரி குட்டி இறால்கள் துள்ளும், தும்பியின் புழு ஒன்று காலை உதைத்துக்கொண்டு ஊரும். மட்டையின் இடுக்கில் விரல் நகம் அளவு மீன்குஞ்சு மாட்டிக்கொண்டிருக்கும். ஏரி மரம் செய்வதும் இதையேதான், பெரிய அளவில். கிளையில் பாசி பிடிக்கிறது. பாசியை மேய நத்தையும் புழுவும் வருகின்றன. அவற்றைத் தின்னக் குஞ்சுகள் வருகின்றன. குஞ்சு நுழையும் இடுக்கில் பெரிய மீனின் தலை நுழையாது. அதனால்தான் மொட்டை மரம் உதவாது. சுள்ளிவரை இருக்கவேண்டும். (நம் ஊரில் குத்தகைக் குளத்துக்குள் கருவேல முள்ளை வெட்டிப் போடுவது வேறு காரணத்துக்கு. ராத்திரியில் திருட்டு வலை வீசுகிறவனின் வலை கிழியவேண்டும். மீனுக்குக் கிடைப்பது உபரி லாபம்.)

இவ்வளவு நல்ல காரியத்துக்கு எதற்கு அனுமதி? என் தோப்பு, என் மரம், என் வீட்டுக்கு முன்னால் உள்ள ஏரி. வெட்டிப் போட்டால் யார் கேட்பது?

கேட்பார்கள். விஸ்கான்சினில் இயற்கையான ஏரியின் அடித்தரை மாநிலத்துக்குச் சொந்தம். சொந்தம் என்றால் விற்றுத் தின்ன அல்ல. மக்களுக்காகக் கையில் வைத்திருக்கும் அறங்காவலர் மாதிரி. 1787-ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டத்திலேயே படகு போகும் நீர் எல்லாருக்கும் பொது என்று எழுதி, 1848-இல் மாநில அரசியல் சாசனத்திலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். கரை உங்களுடையது, கரைக்குக் கீழே கிடக்கும் மண் ஊருடையது. ஊர்ச் சொத்தில் நாலு மரத்தைப் போட ஊரைக் கேட்கத்தானே வேண்டும்? ஆற்றைத் தடுத்து உண்டான தேக்கமானால் கணக்கு வேறு. அங்கே மூழ்கிய நிலத்தின் பட்டா தனியாரிடமே இருக்கக்கூடும். ஆக, விண்ணப்பத்துக்கு முன்னால் முதல் கேள்வி, அடித்தரை யாருடையது என்பதுதான்.

மாநில இயற்கை வளத்துறை இந்த மரக் கொத்துகளுக்கென்று பொது அனுமதி ஒன்றை வைத்திருக்கிறது. சொன்ன நிபந்தனைக்குள் வந்தால் தனி விசாரணை இழுபறி கிடையாது. ஒரு கொத்துக்கு ஆயிரம் டாலர் வரை மானியமும் உண்டு. நிபந்தனைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. மரத்தைக் கரையிலிருந்து 35 அடிக்கு அப்பால்தான் வெட்டவேண்டும். அந்த 35 அடிக்குள் நிற்பதுதான் மண் சரியாமல் பிடித்துக்கொள்வது, நீருக்கு நிழல் தருவது, நாளைக்குத் தானாக ஏரியில் விழப்போவது. தானாக விழ இருக்கும் மரத்தை வெட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு, மீனுக்கு வீடு கட்டினேன் என்று மானியம் வாங்கக்கூடாது பாருங்கள். எழுதியவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

தெற்கே அணைகளின் பக்கம் போனால் காட்சி மாறுகிறது. மிசூரியில் வெள்ளை ஆற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த டேபிள் ராக் அணை. மூழ்கிய பள்ளத்தாக்கில் நின்ற மரங்கள் ஆண்டுகள் போகப் போக மக்கி விழ, அடித்தரை வெறிச்சோடியது. மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறையும் அணையை வைத்திருக்கும் ராணுவப் பொறியாளர் படையும், மீன்பிடிச் சாமான் விற்கும் பாஸ் ப்ரோ கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, 2007 முதல் சில ஆண்டுகளில் மரக்குவியல், அடிக்கட்டை, பாறை என்று ஏறக்குறைய 2,000 உறைவிடங்களை இறக்கின. கொலராடோ ஆற்றின் ஹவாசு தேக்கமோ பாலைவனத்தில் இருக்கிறது. வெட்டிப் போடக் காடு ஏது? அங்கே 1990-களில் சுள்ளிக்கட்டோடு பிளாஸ்டிக் குழாய்க் கூடுகளையும் கான்கிரீட் குழாய்களையும் சேர்த்து, 875 ஏக்கர் பரப்பில் போட்டார்கள்.

இப்படிப்பட்ட தேக்கங்களில் தனி ஆள் கையை வைக்கமுடியாது. ராணுவப் பொறியாளர் படையைக் கேட்காமல் அதன் தண்ணீரில் எதை இறக்கினாலும் குற்றம். 1899-ஆம் ஆண்டின் ஆறு, துறைமுகச் சட்டமும் 1972-இன் தூய நீர்ச் சட்டமும் பின்னால் நிற்கின்றன. மீனை ஈர்க்கும் சிறு அமைப்புகளுக்கு நாடு தழுவிய பொது அனுமதி ஒன்று உண்டு, எண் 4. ஆனால் செயற்கைப் பாறைத்திட்டு அதில் சேராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இடம் குறிப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் படகின் அடி தட்டக்கூடாது. நீச்சல் துறை, படகு இறங்குதுறை, குடிநீர் உறிஞ்சும் குழாய் இவற்றின் பக்கமே போகக்கூடாது. ரொம்ப ஆழத்தில் போட்டாலும் வீண். கோடையில் ஆழமான ஏரி மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்ச்சி என்று இரண்டாகப் பிரியும். பல ஏரிகளில் கீழடுக்கில் பிராணவாயு தீர்ந்துபோகும். அங்கே அரண்மனையே கட்டினாலும் குடிவர மீன் இல்லை.

ஆனாலும் தூண்டில்காரர்கள் சும்மா இருப்பார்களா? பண்டிகை முடிந்து தெருவில் கிடக்கும் கிறிஸ்துமஸ் மரத்தில் சிமென்ட் கல்லைக் கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் மூழ்கடித்து, இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம். தனக்கென்று ஓர் இடம். டேபிள் ராக்கில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். தாங்கள் போட்ட இடங்களின் ஆயங்களை எல்லாருக்கும் வெளியிட்டுவிட்டார்கள். பொதுப் பணத்தில் போட்டது, யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம்.

டயர், இரும்புச் சாமான், ரசாயனம் ஏற்றிய பலகை ஆகாது என்று இன்று பல மாநிலங்கள் கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இது ஏரியில் அல்ல, கடலில் நடந்தது. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால், 1970-களில், 20 லட்சம் வரை பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். மீன் குடியேறும், குப்பையும் ஒழியும் என்று கணக்கு. உப்புத் தண்ணீரில் கட்டுகள் அறுந்தன. அவிழ்ந்த டயர்கள் அலையில் உருண்டு, பக்கத்தில் இருந்த உயிருள்ள பவளப் பாறைகளின் மேலேயே மோதின. 2007-இல் ராணுவ முக்குளிப்பு வீரர்களை இறக்கி எடுக்கத் தொடங்கினார்கள். மீனின் பெயரைச் சொல்லிக் குப்பை கொட்டலாம் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் அங்கேதான் கற்றார்கள்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. போட்ட இடத்தில் மீன் கூடுகிறது, சரி. கூடுகிறதா, பெருகுகிறதா? சிதறிக் கிடந்த மீனை ஓரிடத்துக்கு வரவழைத்தால் தூண்டிலுக்கு வசதி, ஏரிக்கு வரவு இல்லை. செயற்கைப் பாறைத்திட்டுகளை ஆராய்கிறவர்கள் 1980-களிலிருந்தே இதைப் பேசி வருகிறார்கள். பதில் மீனுக்கு மீன், நீருக்கு நீர் மாறுகிறது. ஆழத்தில் இறக்கும் குழாய்க் கூடு பெரும்பாலும் தூண்டில்காரருக்கான கூடு என்பது என் கட்சி. கரையோர ஆழமில்லாத நீரில் சுள்ளியோடு கிடக்கும் மரம் குஞ்சுகளுக்கானது. அதனால் அந்தப் பனிக்கட்டி மரத்துக்கே என் ஓட்டு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரிக்கரையில் நீருக்குள் கிடந்த பைன் கட்டைகளின் வயதை வளையம் எண்ணிப் பார்த்தார்கள். பல கட்டைகள் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடந்தவை. தண்ணீருக்குள் மரம் அவ்வளவு மெல்லத்தான் மக்கும். அப்படி ஒரு கட்டையைப் படகுத்துறைக்கு இடைஞ்சல் என்று டிராக்டரில் சங்கிலி போட்டு இழுக்க அரை மணி நேரம் போதும்.

(தொடரும்)