எழும்பும்போது தலைசுற்றினால்...



ஒருவருடைய கழுத்தில் கொழுப்புத் திரண்டு, சட்டைக் கொலரைப் பூட்ட முடியாமல் போனால் "நல்ல சாப்பாடு போல" என்று பகிடி பண்ணுவோம். அது ஓர் அரிய நோயாகவும் இருக்கலாம்.

1888 இல் ஜேர்மன் வைத்தியர் மாடலுங் இதைப் பற்றி எழுதினார். 1898 இல் நம் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் லோனுவாவும் பென்சோடும் விரிவாக விளக்கினார்கள். பிரான்சில் இன்றும் இதற்கு அவர்கள் இருவரின் பெயர்தான்.

கழுத்து, பிடரி, தோள், மேற்கை என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கொழுப்புச் சேரும். பெரும்பாலும் நோவு இராது. நீண்டகாலம் மது அருந்திய நடுவயது ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் குடியே தெரியாதவர்களுக்கும் வரும். சிலருக்குப் பரம்பரைக் காரணமும் உண்டு. ஆகவே கட்டியைக் கண்டவுடன் "குடிகாரன்" என்று தீர்ப்பிடாதீர்கள்.

கட்டி வெளியே தெரியும். நரம்புப் பாதிப்புத் தெரியாது. இந்த நோயாளர் பலருக்குக் கை, கால் நரம்புகள் பழுதடைகின்றன. சிலருக்கு, நாம் நினைக்காமலே இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நடத்தும் நரம்புகளும் பழுதடைகின்றன. இத்தாலியின் பாதுவா நகர வைத்தியர்கள் இப்படிப்பட்டவர்களைப் பல வருடங்கள் கவனித்தார்கள். இதயக் குழாயில் பெரிய அடைப்பு இல்லாமலே சிலர் திடீரென இறந்ததையும் பதிவு செய்தார்கள்.

நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களுக்கு இறங்கும். உடனே நரம்புகள் குழாய்களை இறுக்கி, துடிப்பைக் கூட்டும். நரம்பு பழுதானால் அது நடக்காது. தலை சுற்றும், கண் இருளும், சிலர் விழுந்தும் விடுவார்கள்.

சோதனை எளிது. படுத்திருக்கும்போது அழுத்தத்தை அளந்து, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி அளப்பார்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும். ஆழமாக மூச்சு விடச் சொல்லி ஈ.சி.ஜி.யும் எடுப்பார்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புக் கூடி, விடும்போது குறைவது வழமை. அந்த மாற்றம் மிகக் குறைந்தால் நரம்பில் சந்தேகம்.

நம் வீடுகளில் இதே நரம்புப் பாதிப்பை அதிகம் கொண்டுவருவது நீரிழிவு. அவர்களுக்கு மாரடைப்புக்கூட நெஞ்சு நோவில்லாமல் வரலாம்.

அப்பா, மாமாவுக்கு வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போவது நீங்கள்தானே? "தலைசுற்று" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழும்பும்போதா, எத்தனை தரம், விழுந்தாரா, என்ன மாத்திரை என்று கேட்டுச் சொல்லுங்கள். கட்டியை அகற்ற ஒப்பரேசன் என்றால், மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மதுவை விடச் சொல்லும்போது திட்டாமல், உதவி தேடக் கூடவே போங்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் தாமதிக்காமல் 15 ஐ அழையுங்கள்.