மார்க்கும் வளர்ச்சியும்

ஆறாம் வகுப்பு முடிவில் கணக்கில் 40 மார்க்கு வாங்கிய சிறுவன், ஏழாம் வகுப்பு முடிவிலும் அதே 40 வாங்குகிறான். ஓராண்டு வீணாயிற்று என்று வீட்டார் வருந்துவர். ஆனால் ஏழாம் வகுப்புக் கேள்விகள் கடினமானவை. அவற்றில் 40 வாங்குவதற்கு அவன் கணிசமாகக் கற்றிருக்கக் கூடும். அன்றி, வினாத்தாள் எளிதாக அமைந்து, புதிதாக ஒன்றும் கற்காமலே அந்த மார்க்கு கிடைத்திருக்கவும் கூடும். இரண்டில் எது உண்மை என்பதை அவ்விரு எண்கள் கூறமாட்டா. சிறுவனின் உயரத்தை ஓராண்டு ஒரு கோலாலும், மறு ஆண்டு அங்குலம் வேறுபட்ட வேறொரு கோலாலும் அளப்பது போன்றது இது.

நாடு தழுவிய பரீட்சைகளின் முடிவுகளைப் படிக்கும்போதும் இப்பிழை நேர இடமுண்டு. 2021 நவம்பர் 12ஆம் நாள் நடந்த தேசிய அடைவுச் சர்வேயில் சுமார் 34 லட்சம் மாணவர் பங்கு பெற்றனர். கணக்கில் 500க்குக் கிடைத்த சராசரி மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தாம் வகுப்பில் 284, எட்டாம் வகுப்பில் 255. மேல் வகுப்புக்குச் செல்லச் செல்லக் குழந்தை பின்னடைகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் இவை ஒரே நாளில் வெவ்வேறு குழந்தைகளை வெவ்வேறு வினாத்தாள்களால் அளந்து பெற்ற எண்கள். எந்தக் குழந்தையும் இரு முறை அளக்கப்படவில்லை. மாவட்டங்களின் நிலையை அறிவதற்காக மாதிரி எடுத்து நடத்திய சர்வே அது. அப்பணிக்கு அது தகுதியானதே.

ஒரே குழந்தையை இரு முறை அளந்த ஆராய்ச்சி ஒன்று டில்லியில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் அதை நடத்தி 2019இல் வெளியிட்டனர். ஐந்து அரசாங்கப் பள்ளிகளைச் சேர்ந்த, பெரும்பாலும் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பயின்ற 619 மாணவருக்கு 2015 செப்டம்பரிலும் 2016 பிப்ரவரியிலும் பரீட்சை வைக்கப்பட்டது. சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பாதிப் பேருக்கு, பள்ளிக்குப் புறம்பாக, கம்ப்யூட்டர் மூலம் அவரவர் நிலைக்கேற்ற பாடம் கிடைத்தது. மற்றவர் வழக்கம்போல் பள்ளிக்குச் சென்றனர்.

பரீட்சை அமைந்த விதமே இங்குக் கவனிக்கத்தக்கது. கீழ் வகுப்புக் கணக்குகளும் வினாத்தாளில் இடம் பெற்றன. இரு தாள்களிலும் சில கேள்விகள் பொதுவாக இருந்தன. பொதுக் கேள்விக்கு முன்பு எத்தனை பேர், பின்பு எத்தனை பேர் விடையளித்தனர் என்பதைக் கொண்டு மற்றக் கேள்விகளின் கடினமும் கணிக்கப்பட்டு, இரு தாள்களும் ஒரே அளவுகோலில் பொருத்தப்பட்டன. மார்க்கைக் கூட்டுவதற்கு மாறாக, எந்தக் கடினமுள்ள கேள்வியை மாணவன் தாண்டினான் என்று பார்க்கும் முறை இது.

வழக்கமான பள்ளிப் படிப்பு மட்டும் பெற்றவர்களில், தொடக்கத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தோர் அந்த மாதங்களில் முன்னேறியதாகவே தெரியவில்லை. வகுப்பில் அமர்ந்திருந்தனர், பாடம் அவர்கள் தலைக்கு மேலே சென்றது. ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரி இரண்டரை வகுப்பும், ஒன்பதாம் வகுப்பினர் நாலரை வகுப்பும் பின்தங்கியிருந்தனர். (இவர்களும் வெவ்வேறு குழந்தைகளே என்பதை மறவாதிருத்தல் நலம்.) தனிப் பாடம் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கணக்கில் 0.37 திட்ட விலக்க அளவு முன்னேறினர். நாலரை மாதத்திற்கு இது பெரிய வளர்ச்சி. எனினும் பள்ளியின் சொந்தக் கணக்குப் பரீட்சையில் இவ்வளர்ச்சி திட்டமாகத் தென்படவில்லை. கடன் வாங்கிக் கழித்தலைப் புதிதாகக் கற்ற ஏழாம் வகுப்புச் சிறுமிக்கு, இயற்கணிதம் மட்டும் கேட்கும் தாளில் முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம்.

சாதாரணப் பள்ளியிலும் ஆசிரியர் இதன் ஒரு பகுதியைச் செய்யலாம். ஜூனில் பத்துக் கேள்விகள் வைத்து, அவற்றில் பாதியை இரண்டு மூன்று வகுப்புகள் கீழிருந்து எடுக்க வேண்டும். விடைகளை வகுப்பில் விவாதிக்காமல் தாள்களைத் திரும்பப் பெற்று வைத்து, மார்ச்சில் அதே பத்தைக் கேட்க வேண்டும். ஓரிரு மார்க்கு ஏறுவதும் இறங்குவதும் அன்றைய உடல்நிலையாலும் ஊகத்தாலும் நேரக்கூடியவை. அவற்றைப் பெரிதாகக் கொள்ளலாகாது. ஜூனில் தவறி மார்ச்சில் சரியானவை எவை என்று கேள்வி கேள்வியாகக் குறித்து, அக்குறிப்பை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் மார்க்குப் பட்டியலோடு ஒப்படைக்கலாம்.