கருவியின் இலக்கம் மனிதனின் அடையாளமாகுமா?

வங்கிச் சேவைகளும் அரச அறிவித்தல்களும் கையடக்கத் தொலைபேசிச் செயலிகளின் ஊடாகவும் மக்களைச் சென்றடையும் காலம் இது. செயலியொன்றை உருவாக்குவோர், அது எந்தக் கருவியில் இயங்குகின்றது என்பதை எந்த இலக்கத்தைக் கொண்டு அறிவது என முதலில் தீர்மானிக்க வேண்டியுள்ளது. தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரியதாகத் தோன்றும் இத்தீர்மானம், பெரகல முதல் பதுளை வரையான தோட்டக் குடும்பங்களையும் பாதிக்கக்கூடியதாகும்.

ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் உண்டு. களவுபோன கருவியை வலையமைப்பிலிருந்து முடக்க அது உதவும். ஆயினும் 2019இல் வெளியான அண்ட்ரொய்ட் 10 முதல் சாதாரண செயலிகளால் அதனை வாசிக்க இயலாது. ஐபோனின் நிரந்தர இலக்கத்தை வாசிக்கும் செயலிகளை அப்பிள் நிறுவனமும் 2013 மே மாதம் முதல் ஏற்க மறுத்தது. மாற்றவியலாத இலக்கம், ஒருவரைச் செயலிக்குச் செயலி பின்தொடர வழிவகுக்கும் என்பதே காரணமாகும்.

அண்ட்ரொய்ட் முறைமை வழங்கும் மற்றோர் இலக்கமும் முற்றிலும் நம்பகமானதன்று. ஆரம்பகாலத்தில் பல கருவிகளில் ஒரே இலக்கம் பதிவாகியிருந்தது. 2017இல் வெளியான அண்ட்ரொய்ட் 8 முதல் அது செயலி உருவாக்குநருக்கு ஏற்ப வேறுபடுகின்றது. தொலைபேசியை ஆரம்ப நிலைக்கு மீளமைத்தால் அதுவும் மாறிவிடும்.

தோட்டங்களின் நிலைமையை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். லயன் அறையொன்றில் தாயும் மகனும் ஒரே தொலைபேசியைப் பயன்படுத்தலாம். பண்டாரவளையில் பழைய தொலைபேசியை விலைக்கு வாங்குவோரும் இருக்கலாம். கருவியையே ஆளாகக் கருதும் செயலி, மகன் பதிவு செய்தபின் தாயை 'ஏற்கனவே பதிவு செய்யப்பட்டவர்' என நிராகரித்துவிடும். முன்னைய உரிமையாளரின் விபரங்களைப் புதியவருக்குத் திறந்துவிடவும் கூடும்.

எனவே, தேவைக்கேற்ற அடையாளத்தைத் தெரிவு செய்வதே முறையாகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்தது போன்ற மண்சரிவு அபாயத்தை முன்கூட்டி அறிவிக்கும் செயலிக்கு, அது நிறுவப்படும்போது எழுந்தமானமாக உருவாக்கப்படும் இலக்கமே போதுமானது. தொலைபேசியை வைத்திருப்பவர் யாரென அறிய வேண்டியதில்லை. பணக் கொடுப்பனவுக்கோ, கடவுச்சொல்லுடன் கூடிய தனிநபர் கணக்கு அவசியம். தொலைபேசி மாறினாலும் அக்கணக்கை மீளப்பெறும் வழியும் இருத்தல் வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவிலேயே விபரங்களைத் திரட்ட வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கோட்பாடுமாகும்.

ஆவணமின்மையின் துயரை மலையக மக்கள் நன்கறிவர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோரில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை கிட்டியது. அன்று காகிதம் செய்த புறக்கணிப்பை இன்று கணினி நிரலொன்று செய்துவிடலாகாது. செயலிகளை உருவாக்கும் இளைஞரும், அவற்றைக் கோரும் நிறுவனங்களும் இதனைக் கருத்திற் கொள்வது அவசியமாகும்.