எஞ்சின் நின்ற பிறகு

கற்பிட்டியில் விடியக் கடலுக்குப் போன போட்டு கரை தட்டியதும், ஓட்டி வந்தவர் நேரே தேத்தண்ணிக் கடைக்கு வருவார். “காசு வந்ததா நானா?” என்று கேட்டால், “காத்தா? கச்சான் இன்னும் தொடங்கல்லயே” என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவர் செவிடரல்ல. இந்த நிமிடம் நமக்கு எது கேட்கும் என்பதில் இதற்கு முன் கேட்ட சத்தத்துக்கும் பங்குண்டு. கடைக்காரர் கிளாசை மேசையில் டக்கென்று வைக்கிறார். அடுத்த கணமே யாராவது முணுமுணுத்தால் அது காதில் விழாது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போனால் காது பழையபடி ஆகிவிடும். இது எல்லாருக்கும் நாள் முழுக்க நடப்பதுதான்.

எஞ்சின் இரைச்சல் அப்படியல்ல. போட்டு ஓட்டுகிறவர் பின்னணியத்தில், எஞ்சினுக்குக் கையெட்டும் தூரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். உட்காதின் நத்தைச்சுருளில், காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தத்துக்கு அசைந்து நரம்புக்குச் செய்தி கொடுப்பவை அவைதான். ஓயாத இரைச்சலில் அவை களைத்துவிடும். மெல்லிய சத்தத்தைக் கவனிக்காது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையிலான கீச்சுப் பகுதி. காதுத் துளையே 3,000 ஹேர்ட்ஸை ஒட்டிய சத்தங்களைக் கூட்டிக் கொடுப்பது அதற்கு ஒரு காரணம். ‘கா’ என்ற நெடில் தாழ்ந்த ஒலி, தப்பிவிடும். ‘சு’வில் உள்ள சீறல் அந்தக் கீச்சுப் பகுதியில் இருக்கிறது. அது போய்விட்டால் காசும் காத்தும் ஒன்றுதான்.

காதுக்குக் காவல் இல்லையா? உண்டு. நடுக்காதில், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பைச் சின்னத் தசையொன்று பிடித்திருக்கிறது. பெருஞ்சத்தம் வந்தால் அது இறுகி, உள்ளே போவதைக் குறைக்கும். ஆனால் சத்தம் வந்த பிறகுதான் இறுகும். திடீரென்று வெடிக்கும் வெடியை அதனால் தடுக்க முடியாது. தாழ்ந்த ஒலிகளை அடக்கும் அளவுக்குக் கீச்சொலிகளை அடக்கவும் மாட்டாது.

இந்த இடத்தில் கடல் விலங்கொன்று நம்மை முந்திவிடுகிறது. ஹவாயில் கினா என்றொரு பொய்க்கொலைத் திமிங்கிலம் இருந்தது. டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்த இனம். பெருஞ்சத்தத்துக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சிறிய சத்தமொன்றைக் கொடுத்துப் பழக்கினார்கள். பிறகு அந்த முன்னறிவிப்பு கேட்டதுமே, பெருஞ்சத்தம் வருமுன் அது தன் செவிக்கூர்மையைத் தானே தாழ்த்திக்கொண்டது. போல் நாக்டிகாலும் அலெக்சாண்டர் சுப்பினும் 2013இல் இதை எழுதினார்கள். கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்கப் போகும் போட்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கினா நினைவு வருகிறது.

நாம் அந்த வித்தையை நம்பியிருக்க முடியாது. களைத்த காது சில மணி நேரத்தில், சில வேளை ஒரு நாளில், மீண்டுவிடும். அப்படி மீண்டால் ஒன்றுமில்லை என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2009இல் ஷாரன் குஜாவாவும் சார்ள்ஸ் லிபர்மனும் எலிகளை இரண்டு மணி நேரம் இரைச்சலில் வைத்துப் பார்த்தார்கள். கேள்திறன் திரும்பியது, மயிர்க்கலங்களும் இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் சில பகுதிகளில் பாதி வரை அறுந்துபோயிருந்தன. மனிதக் காதிலும் இதே நடக்கலாம் என்ற கவலை அதிலிருந்துதான் வலுத்தது. அப்படி நடந்தால் அமைதியான அறையில் எல்லாம் கேட்கும். நாலு பேர் பேசும் கடையில் சொல் பிரியாது.

ஆகவே நானா, கணக்கை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டுமென்றால் இரைச்சல் 85 டெசிபெல் அளவில் இருக்கிறது. அதில் 8 மணி நேரம்தான் எல்லை. 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி. பஞ்சு போதாது; காதடைப்பான் வேண்டும். வலை கிடக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள், அந்த இடைவெளியும் காதுக்கு ஓய்வுதான். வீட்டுக்குப் போனதும் டீவி கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். பின்னேரம் வரை பொறுத்துப் பாருங்கள், பிள்ளைகள் வைத்த அளவிலேயே கேட்கிறதா என்று.