குவான் தாவின் வயது என்ன? பழைய சீன ஆயுதத்தின் காலத்தைக் கண்டறியும் அறிவியல்

கோலாலம்பூர், ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குச் சென்றவர்கள், அதே சாலையில் குவான் தி என்ற சீன ஆலயத்தையும் பார்த்திருப்பீர்கள். 1888-இல் எழுப்பப்பட்ட ஆலயம் அது. அங்கு வழிபடப்படும் குவான் யூ, கி.பி. 220-இல் மறைந்த சீனத் தளபதி. சிலைகளிலும் ஓவியங்களிலும் அவர் ஏந்தியிருப்பது, நீண்ட காம்பின் நுனியில் பிறைபோல் வளைந்த அகன்ற கத்தி. அவர் பெயரைச் சேர்த்தே அதைக் 'குவான் தாவ்' என்கிறார்கள்.

இப்படியொரு துருப்பிடித்த ஆயுதம் பழம்பொருள் கடையில் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "இது குவான் யூ காலத்துப் பொருள், 1,800 ஆண்டுப் பழமை" என்கிறார் விற்பவர். அதை நம்பலாமா? பொருளையே சாட்சியாக நிறுத்தி விசாரிக்க அறிவியலில் பல வழிகள் உள்ளன.

உருவமே முதல் சாட்சி

விற்பவரின் கூற்றை மறுக்க ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. பிறைக்கத்தி வடிவம், சோங் அரசவைக்காக 1044-இல் தொகுக்கப்பட்ட 'வூஜிங் சோங்யாவ்' என்ற போர்க்கலை நூலில்தான் படமாகக் காணப்படுகிறது. குவான் யூ வாழ்ந்தது அதற்கு 800 ஆண்டுகளுக்கு முன். அவர் காலத்துப் படைகள் ஈட்டியையும், ஈட்டிமுனையோடு பக்கவாட்டுக் கத்தியும் கொண்ட 'ஜி' என்ற ஆயுதத்தையும் ஏந்தின. பிற்காலத்தில் எழுந்த 'மூன்று அரசுகளின் கதை' என்ற புதினமே அவர் கையில் 82 கட்டி எடையுள்ள பிறைக்கத்தியைக் கொடுத்துப் புகழ்பெறச் செய்தது.

இன்னும் பழைய ஆயுதங்களிலும் உருவம் காலத்தைச் சொல்லும். சாங் அரச காலம் முதல் சீனர்கள் பயன்படுத்திய 'கெ' என்ற வெண்கல ஆயுதம், காம்புக்குச் செங்குத்தாகப் பொருத்திய கத்தி. தொடக்கத்தில் அது எளிதில் காம்பைவிட்டு ஆடியது. ஆகவே பின்வந்தவர்கள் கத்தியின் அடிப்பகுதியைக் காம்பை ஒட்டிக் கீழ்நோக்கி நீட்டி, கயிறு கோக்கத் துளைகளும் இட்டார்கள். நீட்சி வளர, துளைகளும் கூடின. துளைகளை எண்ணியே முந்தியது எது, பிந்தியது எது என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்.

எடையும் ஒரு துப்பு. போரில் சுழற்றும் ஆயுதம் சில கிலோதான் இருக்கும். நம் நாட்டுச் சந்தைகளில் முன்பு வழங்கிய ஒரு கட்டி ஏறத்தாழ 0.6 கிலோ. சிங் அரசின் படைத்துறைத் தேர்வுகளில் உடல்வலிமையைச் சோதிக்க 80, 100, 120 கட்டி எடையுள்ள குவான் தாவ்களைத் தூக்கச் சொன்னார்கள். அதாவது 48 முதல் 72 கிலோ! அத்தேர்வு 1901-இல் ஒழிக்கப்பட்டது. மிகக் கனமான குவான் தாவ் கிடைத்தால், அது போர்க்களத்துக்கல்ல, தேர்வுக்கோ ஆலயத்துக்கோ செய்யப்பட்டது என்று கருதலாம்.

உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆண்டு

அடுத்து, வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கத்தியின் தடிமனைப் பல இடங்களில் அளக்க வேண்டும். கொல்லன் கையால் அடித்த நல்ல கத்தி அடியில் தடித்தும் நுனியை நோக்கி மெலிந்தும் இருக்கும். எங்கும் ஒரே தடிமன் என்றால், ஆலையில் உருட்டிய தகட்டிலிருந்து வெட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். மின்பற்றவைப்புத் தடம் தெரிந்தால், அந்த வேலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது.

பொருளைச் சேதப்படுத்தாமல் அதன் தனிமங்களை அறிய எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி உதவுகிறது. எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய கதிரைத் திருப்பி வெளியிடும். அதை அளந்தால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எஃகில் மங்கனீஸ் கணிசமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். 1856-இல் பெஸ்ஸமர் முறை வந்தபின், ஆலை எஃகில் மங்கனீஸ் சேர்ப்பது வழக்கமாயிற்று. பழைய இரும்பில் பொதுவாக அது மிகக் குறைவு; பதிலாக, உருக்கும்போது சிக்கிய கசடு நூல்போல் படிந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

பித்தளைப் பூண்களுக்கும் இதே விசாரணை உண்டு. செம்பைத் துத்தநாகத் தாதுவோடும் கரியோடும் சூடாக்கும் பழைய முறையில், துத்தநாகம் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. சீனாவில் துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பெருமளவில் பிரித்தது மிங் காலத்தில். ஆகவே 35 விழுக்காடு துத்தநாகம் கொண்ட பூணைச் சோங் காலத்தது என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

துருவும் பேசும். நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த வெண்கலத்தில் உட்புறம் செந்நிற ஆக்சைடும் மேலே பச்சைப் படிவமும் உலோகத்துக்குள் வேரோடியிருக்கும். பசையில் குழைத்துப் பூசிய போலிப் பச்சை, அசிட்டோன் தொட்ட பஞ்சோடு வந்துவிடும்.

கார்பன்-14 ஏன் போதாது?

"காம்பு மரம்தானே, கார்பன்-14 ஆய்வு செய்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14-ஐ ஏற்கிறது. மரம் இறந்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் காலம் கிடைக்கும்.

ஆனால் இங்கே மூன்று சிக்கல்கள். முதலாவது, காம்பு உடைந்தால் புதிதாக மாற்றுவார்கள். காம்பின் வயது கத்தியின் வயதாகாது. இரண்டாவது, காற்றில் கார்பன்-14 அளவு ஏறி இறங்கியதால், ஏறத்தாழ 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட மரங்களை இந்த ஆய்வால் சரியாகப் பிரித்தறிய இயலாது. ஆயினும் 1950-களின் நடுவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐ வெகுவாகக் கூட்டின. அந்தத் தடம் இருந்தால், மரம் அதற்குப் பின் வளர்ந்தது என்பது உறுதி.

மூன்றாவது சிக்கல் சீனாவுக்கே சிறப்பானது. எஃகிலுள்ள கார்பனையும் ஆய்வு செய்யலாம். அது உருக்கப் பயன்பட்ட எரிபொருளிலிருந்து வந்தது. ஆனால் சோங் காலத்திலேயே சீனர்கள் இரும்பு உருக்க நிலக்கரியைப் பயன்படுத்தினார்கள். நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டு பழையது. அதில் கார்பன்-14 எஞ்சியிருக்காது. எஃகின் கார்பனில் பாதி நிலக்கரியிலிருந்து வந்திருந்தால், கத்தி உண்மையான வயதைவிட ஏறத்தாழ 5,700 ஆண்டு மூத்ததாகக் காட்டும்!

சுடுமண் படையின் பாடம்

1974-இல் சியான் நகருக்கு அருகே சின் ஷி ஹுவாங் பேரரசரின் சுடுமண் படை கண்டெடுக்கப்பட்டது. அங்கிருந்த சில 'கெ' கத்திகளில் ஆட்சியாண்டும், அமைச்சர் லூ பூவெய்யின் பெயரும், செய்த கைவினைஞரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. லூ பூவெய் பதவியிழந்தது கி.மு. 237; பேரரசர் இறந்தது கி.மு. 210. ஆகவே அவை புதைக்கப்பட்டபோதே பல்லாண்டு பழையவை. செய்த காலம் வேறு, புதைத்த காலம் வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த ஆயுதங்கள் பல பளபளப்பாக இருந்தன. சிலவற்றின் மேற்பரப்பில் குரோமியமும் தென்பட்டது. 'ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் குரோமியம் பூசித் துருவைத் தடுத்தார்கள்' என்ற கருத்து உலகெங்கும் பரவியது. 2019-இல் பிரிட்டன், சீன ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான ஆயுதங்களைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் குரோமியமே இல்லை. இருந்தவற்றிலும் அது காம்பு, பிடி போன்ற மரப்பகுதிகளை ஒட்டிய இடங்களில்தான் காணப்பட்டது. மரத்துக்குப் பூசிய லாக்கர் எனும் மரப்பால் மெருகில் குரோமியம் இருந்ததே காரணம். ஆயுதங்களைக் காத்ததில் வெண்கலத்திலிருந்த மிகுதியான வெள்ளீயத்துக்கும், சற்றே காரத்தன்மையுள்ள நுண்ணிய மண்ணுக்கும் பங்கு உண்டு. புதிய வெண்கலத் துண்டுகளைச் சியான் மண்ணிலும் பிரிட்டன் மண்ணிலும் புதைத்து, வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் நான்கு மாதம் வைத்தும் பார்த்தார்கள். சியான் மண்ணிலிருந்தவை ஏறக்குறைய புதிதாகவே இருந்தன. மற்றவை கடுமையாக அரித்துப்போயின.

உங்கள் வீட்டிலோ, அக்கம்பக்கத்திலோ பழைய ஆயுதம் கிடைத்தால் மணல்தாளால் தேய்க்காதீர்கள். எலுமிச்சையோ புளியோ போட்டுத் துலக்காதீர்கள். துரு, கசடு, மெருகின் எச்சம், காம்பின் துணுக்கு ஆகிய அனைத்தும் சாட்சிகள். தேய்த்துவிட்டால் அவற்றை மீட்கவே முடியாது. அது இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்துவைத்து, பெரியவர்களோடு அருங்காட்சியகத்தை அணுகுங்கள்.